"அவன் எடுத்துக்கொள்வான்": ராஜாவா, நியாயாதிபதியா? வேதம் யார் பக்கம் நிற்கிறது?

ஒலிவமரம்:

அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

சென்ற வாரம் எங்கள் வேதபாட வகுப்பில் பெரியவர் ஒருவர், "ராஜரீகம்தான் தேவன் ஏற்படுத்திய ஆட்சி. ஆளுகிறவனை எதிர்ப்பது தேவனை எதிர்ப்பது. ரோமர் 13 ஒன்றே போதும்" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டார். யாரும் மறுக்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

1 சாமுவேல் 8-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ராஜாக்கள் வருமுன் இஸ்ரவேலை வழிநடத்திய நியாயாதிபதிகளில் ஒருவரான, முதுமை அடைந்துவிட்ட சாமுவேலைத் தேடி இஸ்ரவேலின் மூப்பர்கள் ராமாவுக்கு வருகிறார்கள். மற்ற ஜாதிகளுக்கு இருப்பதுபோல் தங்களுக்கும் ஒரு ராஜா வேண்டும் என்கிறார்கள். சாமுவேலுக்கு அது பிடிக்கவில்லை, ஜெபம் செய்கிறார். கர்த்தர் சொன்ன பதில் என்ன? "அவர்கள் உன்னைத் தள்ளவில்லை, என்னைத்தான் தள்ளினார்கள்." ராஜரீகம் தேவனுடைய விருப்பம் என்றால் இந்த வசனத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அதற்குப் பின் சாமுவேல் ஜனங்களிடம் சொல்வதை நிதானமாகப் படியுங்கள். உங்கள் குமாரரை எடுத்துக்கொள்வான், அவர்கள் அவனுடைய ரதத்துக்கு முன்னால் ஓடுவார்கள். உங்கள் குமாரத்திகளை எடுத்துக்கொள்வான், தைலம் செய்யவும் சமைக்கவும் அப்பம் சுடவும். உங்கள் வயல்களிலும் திராட்சத்தோட்டங்களிலும் ஒலிவத்தோப்புகளிலும் நல்லவற்றை எடுத்துத் தன் ஊழியக்காரருக்குக் கொடுப்பான். உங்கள் வேலைக்காரரையும் கழுதைகளையும் எடுத்துக்கொள்வான். தானியத்திலும் ஆட்டிலும் பத்தில் ஒன்று. கடைசியில் நீங்களே அவனுக்கு வேலையாட்கள் ஆவீர்கள். அந்நாளில் முறையிடுவீர்கள், கர்த்தர் செவிகொடுக்கமாட்டார்.

இதே சாமுவேல் நான்கு அதிகாரங்களுக்குப் பின் பதவியை விட்டு இறங்கும்போது ஜனங்கள் முன் நின்று கேட்கிறார்: "நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன்? யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன்?" எல்லாரும், இல்லை, நீர் யாருக்கும் அநியாயம் செய்யவில்லை என்கிறார்கள். ராஜா எடுத்துக்கொள்பவன், நியாயாதிபதி எடுத்துக்கொள்ளாதவன். இதுதான் வேதம் போடுகிற கோடு என்று நான் நம்புகிறேன்.

இன்னொரு நியாயாதிபதியான கிதியோனை நினைத்துப் பாருங்கள். மீதியானியரை முறியடித்து வந்தவனிடம், நீரும் உம்முடைய மகனும் மகனின் மகனும் எங்களை ஆளுங்கள் என்று ஜனங்களே கேட்டார்கள். "நான் உங்களை ஆளமாட்டேன், என் குமாரனும் ஆளமாட்டான், கர்த்தரே ஆளுவார்" என்றான். பிறகு அவன் மகன் அபிமெலேக்கு தன் சகோதரர் எழுபது பேரை ஒரே கல்லின்மேல் கொன்று ராஜாவானபோது, தப்பிப் பிழைத்த இளையவன் யோதாம் கெரிசீம் மலை உச்சியில் நின்று ஒரு கதை சொன்னான். மரங்கள் தங்களுக்கு ராஜா தேடிப் புறப்பட்டன. என் எண்ணெயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றது ஒலிவமரம். அத்தியும் திராட்சச்செடியும் அப்படியே மறுத்தன. முட்செடி மட்டும் ஒத்துக்கொண்டு, என் நிழலில் வந்து அடைக்கலம் புகுங்கள் என்றது. பயன் தருகிற வேலை உள்ள எந்த மரமும் ராஜாவாக விரும்பவில்லை. நான் இந்தப் புனைபெயரை வைத்துக்கொண்டதும் அந்தக் கதையால்தான்.

நியாயாதிபதிகளின் ஆட்சியே கர்த்தர் விரும்பிய ஆட்சி, மனிதனின் உரிமைக்கும் அதுவே காவல் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் எழுதுங்கள்.

தெற்குத்தெரு:

சகோதரருக்கு வாழ்த்துகள். உங்கள் வகுப்பில் பேசியவர் ரோமர் 13-ஐ மட்டும் எடுத்தது தவறுதான். நீங்களும் நியாயாதிபதிகள் புத்தகத்தில் கிதியோனோடும் யோதாமோடும் நின்றுவிட்டீர்கள். தயவுசெய்து 19-ஆம் அதிகாரம் வரை வாருங்கள்.

கிபியா ஊர். லேவியன் ஒருவன் தன் மறுமனையாட்டியோடு பொழுது சாய்ந்த நேரத்தில் வந்து வீதியில் உட்கார்ந்திருக்கிறான். வீட்டில் சேர்க்க யாரும் இல்லை. ஒரு கிழவர் அழைத்துப்போகிறார். இரவில் ஊர்க்காரர்கள் வீட்டைச் சூழ்ந்து கதவைத் தட்டுகிறார்கள். உள்ளே இருந்த ஆண்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள அந்தப் பெண்ணை வெளியே விட்டார்கள். விடியும்வரை அவளைச் சீரழித்தார்கள். அவள் வந்து வாசலில் விழுந்தாள், அவள் கைகள் வாசற்படியின்மேல் இருந்தன என்று வேதம் சொல்கிறது. அந்தக் கைகளைத் தாண்டி என்னால் உடனே அடுத்த வசனத்துக்குப் போக முடிந்ததே இல்லை. அவளுக்குப் பெயர் கூட எழுதப்படவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது நீதியா? மற்றக் கோத்திரங்கள் சேர்ந்து, கிபியா ஊர் இருந்த பென்யமீன் கோத்திரத்தை அழித்தன, அறுநூறு ஆண்கள் மிஞ்சினார்கள். அவர்களுக்கு மனைவி வேண்டும் என்று யாபேஸ் ஊரை வெட்டி நானூறு கன்னிகைகளைப் பிடித்துவந்தார்கள். அதுவும் போதாமல், சீலோவின் பண்டிகையில் நடனமாட வந்த பெண்களைத் தூக்கிப்போனார்கள். ஒரு பெண்ணுக்கு நடந்த அநியாயத்துக்குத் தீர்வாக நூற்றுக்கணக்கான பெண்களுக்கு அதே அநியாயம். இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் அந்தப் புத்தகம், அந்நாட்களில் இஸ்ரவேலில் ராஜா இல்லை, அவனவன் தன் பார்வைக்குச் சரியானதைச் செய்தான் என்று முடிகிறது.

உபாகமம் 17 ராஜாவுக்கு இடம் கொடுக்கிறது. 72-ஆம் சங்கீதம் ஏழைக்கு நியாயம் செய்கிற ராஜாவுக்காக ஜெபிக்கிறது. நம்முடைய மேசியாவே தாவீதின் குமாரன். ராஜரீகத்தை முட்செடி என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

எபிரேய மாணவி:

ஒலிவமரம் அண்ணா, உங்கள் பதிவில் ஒரு நல்ல நூல் இருக்கிறது. அதை நீங்கள் பாதியில் விட்டுவிட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

சாமுவேல் சொல்லும் "எடுத்துக்கொள்வான்" என்பதற்கு எபிரேயத்தில் லாகஹ் என்ற வினை. அந்தச் சில வசனங்களில் நான்கு முறை வருகிறது. அதே வினைதான் "யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன்" என்பதிலும். ஆனால் 8-ஆம் அதிகாரத்தில் அந்த வினை முதலில் வருவது ராஜாவைப் பற்றி அல்ல. 3-ஆம் வசனத்தைப் பாருங்கள். பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக இருந்த சாமுவேலின் குமாரர் யோவேலும் அபியாவும் பரிதானம் வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள். "வாங்கி" என்ற இடத்தில் இருப்பதும் லாகஹ்தான். ராஜா வருவதற்கு முன்பே நியாயாதிபதிகள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் பின்னால் போனால் ஆசாரியர்களான ஏலியின் குமாரர். பானையில் வேகிற பலியின் இறைச்சியில் முள்கரண்டியை விட்டு, வந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். தராவிட்டால் பலவந்தமாய் எடுப்பேன் என்றான் அவர்களுடைய வேலைக்காரன். அங்கேயும் அதே வினை. ஆக ஆசாரியன் எடுத்தான், நியாயாதிபதி எடுத்தான், அடுத்து ராஜாவும் எடுப்பான் என்கிறது கதை.

மூப்பர்கள் கேட்டது என்ன என்பதையும் கவனியுங்கள். "எங்களை நியாயம் விசாரிக்க" ஒரு ராஜா வேண்டும் என்றார்கள். நீதி கிடைக்காமல் நீதி தேடித்தான் வந்தார்கள். அவர்களை வெறும் நன்றிகெட்டவர்களாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. யோவேலும் அபியாவும் புரட்டியது மிஷ்பாத், அதாவது நியாயம். அடுத்த சில வசனங்களில் சாமுவேல் ஜனங்களுக்கு அறிவிப்பதும் "ராஜாவின் மிஷ்பாத்". நம் பழைய மொழிபெயர்ப்பு இதை "ராஜாவின் காரியம்" என்று எழுதியிருப்பதால் அந்த அடி தமிழில் விழுவதில்லை. நியாயம் கேட்டு வந்தவர்களிடம், ராஜா தரப்போகும் நியாயம் இதுதான் என்று ஒரு பறிமுதல் பட்டியலை வாசித்துக் காட்டுகிறார்.

"நியாயாதிபதி" என்ற சொல்லும் நம்மைக் கொஞ்சம் திசைதிருப்புகிறது. ஷோஃபேத் என்பவர் வழக்கு மட்டும் கேட்பவர் அல்லர், ஆள்பவரும் மீட்பவரும் அவரே. கத்தோலிக்கத் திருவிவிலியம் அந்தப் புத்தகத்துக்கு "நீதித் தலைவர்கள்" என்று பெயர் வைத்திருப்பது பொருத்தமானது. பினீசிய மொழியிலும் இதே சொல் உண்டு. பினீசியர் நகரமான கார்த்தேஜில் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டு ஆட்சித் தலைவர்களுக்கு அதுதான் பட்டம். இஸ்ரவேலின் நியாயாதிபதிகளில் உட்கார்ந்து வழக்கு கேட்டதாகத் தெளிவாகச் சொல்லப்படுபவர்கள் மிகச் சிலர். எப்பிராயீம் மலைத்தேசத்தில் ராமாவுக்கும் பெத்தேலுக்கும் நடுவே ஒரு பேரீச்சமரத்தின் கீழ் இருந்த தெபொராள் அவர்களில் ஒருவர்.

கேள்விக்குறி:

நான் விசுவாசி இல்லை என்பது இங்கே பலருக்குத் தெரியும். மரியாதையோடு கேட்கிறேன். தலைப்பில் இல்லாவிட்டாலும் முதல் பதிவில் "மனிதனின் உரிமை" என்ற சொல் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு இந்தப் புத்தகத்தில் எங்கே இடம்?

யாத்திராகமம் 21-இல் ஒருவன் தன் அடிமையைக் கோலால் அடித்து, அவன் ஓரிரு நாள் உயிரோடிருந்து செத்தால் எஜமானுக்குத் தண்டனை இல்லை. காரணம், அவன் எஜமானின் பணம். லேவியராகமம் 25 அந்நியரை விலைக்கு வாங்கிப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப்போக அனுமதிக்கிறது. பகைவரான அமலேக்கியரில் குழந்தைகளைக் கூட விடாதே என்று முதல் ராஜா சவுலுக்குக் கட்டளை கொடுத்தது யார்? நீங்கள் புகழ்கிற அதே சாமுவேல். தகப்பன் செய்த பொருத்தனைக்குப் பலியான யெப்தாவின் மகளுக்கு என்ன உரிமை இருந்தது?

ராஜா நல்லவனா, நியாயாதிபதி நல்லவனா என்பது மேலே இருப்பவர்களின் கேள்வி. கீழே கிடப்பவனுக்கு இந்தச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

ஒலிவமரம்:

தெற்குத்தெரு சகோதரரே, அந்தக் கைகளை நான் மறக்கவில்லை, ஆனால் என் பதிவில் மறைத்துவிட்டேன். அது நேர்மையல்ல. தங்கை சொன்ன 3-ஆம் வசனம் என்னை இன்னும் ஆழமாகத் தொட்டது. எத்தனை முறை வாசித்திருப்பேன்! சாமுவேலின் குமாரர் என்ற ஒரு வரியைக் கதையின் முன்னுரையாக எண்ணித் தாண்டிப் போயிருக்கிறேன். கேள்விக்குறி ஐயாவுக்கு உடனே பதில் சொல்ல என்னிடம் இல்லை. அமலேக்கியர் பகுதியை வாசிக்கும்போது எனக்கும் நெஞ்சு அடைக்கிறது. விளக்கம் சொல்லி அதை மெழுகிவிட நான் முயலமாட்டேன்.

பழைய வக்கீல்:

சிவில் வழக்குகளிலேயே வாழ்நாளைக் கழித்தவன் நான். இந்த இழையில் நாபோத்தின் பெயர் இன்னும் வராதது எனக்கு வியப்பு. கீழே கிடப்பவனுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். 1 இராஜாக்கள் 21-ஐ ஒரு வழக்குக் கட்டாகப் பிரித்துக் காட்டுகிறேன்.

யெஸ்ரயேல் ஊரில் இஸ்ரவேலின் ராஜா ஆகாபின் அரண்மனைக்குப் பக்கத்தில் நாபோத்தின் திராட்சத்தோட்டம். ராஜாவுக்கு அது கீரைக்கொல்லையாக வேண்டும். வந்து கேட்கிறான். இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லையென்றால் விலை தருகிறேன் என்கிறான். இங்கேயே நில்லுங்கள். ராஜா கேட்கிறான்! சேனையும் ரதமும் வைத்திருப்பவன் ஒரு குடியானவனிடம் வந்து பேரம் பேசுகிறான். நாபோத், என் பிதாக்களின் சுதந்தரத்தை, அதாவது பரம்பரைச் சொத்தை, உமக்குக் கொடுக்கமாட்டேன் என்கிறான். ராஜா என்ன செய்தான்? வீட்டுக்குப் போய்க் கட்டிலில் படுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தான். நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் பரதேசிகள் என்று லேவியராகமம் 25 சொல்கிறது. நிலத்தின் உடைமைக்காரன் கர்த்தர் என்றால் ராஜாவும் அங்கே ஒரு குத்தகைக்காரன்தான். ஆகாப் கெட்டவன், ஆனால் அவனுக்கும் இது தெரிந்திருந்தது. கட்டிலில் கிடந்த அந்த ராஜாதான் நாபோத்துக்கு உரிமை இருந்தது என்பதற்குச் சாட்சி.

ஆகாபின் மனைவி யேசபேல் சீதோன் ராஜாவின் மகள். அவள் வளர்ந்த அரண்மனையில் ராஜா கேட்டதாகவே வழக்கம் இருந்திருக்காது போலும். நீர் இஸ்ரவேலை ஆளுகிறவர்தானா என்று கேட்கிறாள். பிறகு என்ன செய்தாள்? ஆள் அனுப்பித் தோட்டத்தைப் பிடுங்கவில்லை. கடிதம் எழுதினாள். ஆகாபின் பெயர், ஆகாபின் முத்திரை. ஊரின் மூப்பர்களுக்கும் பெரியவர்களுக்கும் அது போனது. உபவாசம் கூறப்பட்டது. சபை கூடியது. உபாகமம் 17 கேட்கிறபடி சாட்சிகள் இரண்டு பேர், ஒருவரும் குறையவில்லை. குற்றச்சாட்டு தெளிவாக இருந்தது: தேவனையும் ராஜாவையும் தூஷித்தான். தண்டனை, சட்டம் சொன்னபடி ஊருக்கு வெளியே கல்லெறிதல். ஆவணத்தை மட்டும் படிக்கிற மேல்முறையீட்டு நீதிபதி இதில் ஒரு குறையும் காணமாட்டார். உபாகமம் 19 சொல்கிற ஒன்று மட்டும் நடக்கவில்லை: நியாயாதிபதிகள் நன்றாய் விசாரிக்கக்கடவர்கள்.

இன்னொன்று. கடிதம் வந்தது ஆகாபின் பெயரில். வேலை முடிந்ததும் மூப்பர்கள் பதில் அனுப்பியது யாருக்கு? யேசபேலுக்கு. 14-ஆம் வசனம். எழுதியது யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் தங்கள் ஊர்க்காரன்மேல் கல்லை எடுத்தார்கள். 2 இராஜாக்கள் 9-இல் நாபோத்தின் குமாரரின் இரத்தமும் சொல்லப்படுகிறது. வாரிசும் மிஞ்சவில்லை.

ஒலிவமரம் தம்பி, இதனால்தான் நியாயாதிபதிகளின் ஆட்சி காவல் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நாபோத்தைக் கொன்றது நீதிமன்றம். என் கட்சிக்காரராக ஒரு விதவை இருந்தார். நான்கு சென்ட் நிலம். எல்லைக்கல் ஓர் இரவில் இடம் மாறியது. எதிர்த்தரப்பில் பத்திரம் சரியாக இருந்தது, சாட்சிகள் கோவையாகப் பேசினார்கள், முத்திரைகள் எல்லாம் உரிய இடத்தில் இருந்தன. வாய்தா மேல் வாய்தாவாகப் பதினொரு ஆண்டுகள் நடந்து, தீர்ப்பு வருவதற்கு முன்பே அவர் இறந்துபோனார். கடைசி வாய்தாவன்று அவர் கையில் மஞ்சள் பையில் பழைய தீர்வை ரசீதுகள் இருந்தன. நாபோத்தைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பை என் கண்முன் வருகிறது.

தீர்க்கதரிசி எலியா வந்தது அரண்மனைக்கு அல்ல, தோட்டத்துக்கு. ஆகாப் அதைச் சுதந்தரித்துக்கொள்ள இறங்கிப்போன அதே நேரத்தில், நீ கொலைசெய்து சுதந்தரித்தும் கொண்டாய் என்று முகத்துக்கு நேரே சொன்னான். சாட்சி, முத்திரை, தீர்ப்பு எல்லாவற்றையும் கழித்துவிட்டு வழக்கை உண்மையான பெயரால் அழைத்தான். நாபோத்துக்குக் கிடைத்த நீதி அவ்வளவுதான். அது போதாது, அவன் செத்துவிட்டான். ஆனால் இந்த வழக்கு ராஜாக்களின் புகழுக்காக எழுதிய ஏட்டில் இல்லை, அவர்கள்மேல் குற்றம் சாட்டுகிற ஏட்டில் இருக்கிறது.

தெற்குத்தெரு:

ஐயா, இதைப் படித்தபின் என் பதிவைத் திரும்பப் பார்த்தேன். உபாகமம் 17 ராஜாவுக்கு இடம் கொடுக்கிறது என்று எழுதியிருந்தேன். கொடுத்த இடம் எவ்வளவு? குதிரைகளைப் பெருக்கக் கூடாது, மனைவிகளைப் பெருக்கக் கூடாது, வெள்ளியும் பொன்னும் மிகுதியாகச் சேர்க்கக் கூடாது. நியாயப்பிரமாணத்தின் பிரதி ஒன்றைத் தனக்கென எழுதி வைத்து உயிருள்ள நாளெல்லாம் வாசிக்க வேண்டும், தன் சகோதரருக்கு மேலாக அவன் இருதயம் உயரக் கூடாது. அதாவது ராஜா ஒரு சகோதரன். சாலொமோனிடம் போனால் எகிப்திலிருந்து குதிரைகள், எழுநூறு மனைவிகள், ஆண்டுக்கு 666 தாலந்து பொன். தடுத்த ஒவ்வொன்றும் நிறைவேறியிருக்கிறது. லீபனோனுக்கு மாதம் பத்தாயிரம் பேராக முப்பதாயிரம் பேர் ஊழியத்துக்குப் பிடிக்கப்பட்டார்கள். அவன் மகன் ரெகொபெயாம் அந்த நுகத்தைக் குறைக்க மறுத்தபோது ராஜ்யம் இரண்டாகப் பிளந்தது. ஊழியக்காரருக்குத் தலைவனாயிருந்த அதோராமை ஜனங்கள் கல்லெறிந்து கொன்றார்கள்.

தாவீதை மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அவனும் எடுத்தான். உரியாவின் மனைவியை ஆள் அனுப்பி எடுத்தான். உரியா ஏத்தியன், அந்நியன். அவனுடைய மரணக் கட்டளையை அவன் கையிலேயே கொடுத்தனுப்பினான். ஆனால் தீர்க்கதரிசி நாத்தான் வந்து, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியை ஐசுவரியவான் எடுத்த கதையைச் சொல்லி, "நீயே அந்த மனுஷன்" என்றபோது தாவீது அவனைக் கொல்லவில்லை. நான் பாவம் செய்தேன் என்றான். அண்டை நாட்டு அரண்மனைகளில் அப்படிப் பேசியவன் உயிரோடு வெளியே வந்திருப்பானா?

எபிரேய மாணவி:

யூத ரபிகளே இதில் ஒருமனப்படவில்லை. அவர்களுடைய சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதின் சன்ஹெத்ரின் பகுதியில் 1 சாமுவேல் 8-ஐப் பற்றி ஒரு வாக்குவாதம் வருகிறது. சாமுவேல் சொன்னதெல்லாம் ராஜாவுக்கு அனுமதிக்கப்பட்டவை என்கிறார் ஒருவர். ஜனங்களைப் பயமுறுத்தச் சொன்னவை மட்டுமே, ராஜாவுக்கு அந்த அதிகாரம் இல்லை என்கிறார் இன்னொருவர். ராஜாவை ஏற்படுத்துவது ஒரு கட்டளை என்று கணக்கிட்டார் இடைக்கால யூத அறிஞர் மைமோனிதஸ். போர்த்துகல், காஸ்டில், நேப்பிள்ஸ் என்று ராஜாக்களிடமே ஊழியம் செய்த யூத அறிஞர் அப்ராவனேல் (1437-1508), அவர்களை அருகிலிருந்து பார்த்தபின் ராஜா தேவையில்லை என்று எழுதினார். வெனிஸ் போன்ற குடியரசுகளை எடுத்துக்காட்டினார்.

அதே பகுதியில் எனக்கு மறக்க முடியாத கதை ஒன்று. யூதேயாவை ஆண்ட யன்னாய் ராஜாவின் அடிமை, வேறொரு மனிதனைக் கொன்றுவிட்டான். எஜமான் என்ற முறையில் ராஜாவும் நியாயசபைக்கு வர வேண்டும் என்று அழைத்தார் ஷிமோன் பென் ஷேத்தாக். ராஜா வந்து உட்கார்ந்துகொண்டான். "யன்னாய் ராஜாவே, எழுந்து நில்லும், உமக்கு விரோதமாகச் சாட்சி சொல்வார்கள். நீர் எங்கள் முன் நிற்கவில்லை, உலகத்தைச் சிருஷ்டித்தவர் முன் நிற்கிறீர்" என்றார். நீ சொல்வதால் நிற்கமாட்டேன், உன் சகாக்கள் சொல்லட்டும் என்றான் ராஜா. ஷிமோன் வலப்பக்கம் திரும்பினார், அங்கே இருந்தவர்கள் முகத்தைத் தரையில் புதைத்துக்கொண்டார்கள். இடப்பக்கம் திரும்பினார், அவர்களும் அப்படியே. அதன்பிறகுதான், இஸ்ரவேலின் ராஜா நியாயம் தீர்ப்பதும் இல்லை, அவனை நியாயம் விசாரிப்பதும் இல்லை என்ற விதி வந்தது என்கிறார்கள். ஒரு சட்டம் எப்படிச் சாகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக நான் வேறெங்கும் படித்ததில்லை. யெஸ்ரயேலின் மூப்பர்களும் அன்று தரையைத்தான் பார்த்திருப்பார்கள்.

கடலோரத் திருச்சபை:

நான் கத்தோலிக்கன், எங்கள் வழக்கில் பெயர்கள் வேறு மாதிரி இருக்கும், உங்களுக்காக உங்கள் வழக்கிலேயே எழுதுகிறேன். ரோமர் 13-இல்தான் இழை தொடங்கியது, அங்கே யாரும் திரும்பவில்லை.

அதை எழுதிய பவுலே பிலிப்பி பட்டணத்தில் விசாரணையின்றி அடிபட்டுச் சிறையில் போடப்பட்டார். மறுநாள் அதிகாரிகள் சத்தமில்லாமல் போய்விடச் சொன்னபோது மறுத்தார். ரோமரான எங்களை விசாரிக்காமல் எல்லாருக்கும் முன்பாக அடித்தார்கள், அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டுபோகட்டும் என்றார். அவர்களும் வந்தார்கள், பயந்துபோய். எருசலேமில் சாட்டையடிக்காக வாரினால் கட்டப்பட்டபோதும், ரோமனை விசாரிக்காமல் அடிப்பது நியாயமா என்று கேட்டார். பிறகு ரோமப் பேரரசனான இராயனுக்கு மேல்முறையீடு செய்தார். அதிகாரம் தேவனால் உண்டானது என்று எழுதியவருக்கு, அந்த அதிகாரத்தை அதன் சட்டத்துக்குக் கட்டுப்படுத்துவது முரணாகத் தெரியவில்லை.

இங்கிலாந்தின் ராஜா முதலாம் ஜேம்ஸுக்கு, வேதம் ராஜாவுக்கு எதிராகத் திரும்பக்கூடிய ஆபத்து நன்றாகவே தெரிந்திருந்தது. ஸ்காட்லாந்து ராஜாவாக இருந்தபோதே, 1598-இல், 1 சாமுவேல் 8-ஐ ஜனங்களுக்குப் பொறுமையைக் கற்றுத்தரும் பகுதி என்று விளக்கினார்: ராஜா எடுத்துக்கொள்வான், நீங்கள் கலகம் செய்யக் கூடாது. எபிரேய மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும் ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனுக்குக் கீழ்ப்படியாதது சரியே என்று, ஜெனிவா வேதாகமம் என்ற ஆங்கில மொழிபெயர்ப்பின் ஓரக்குறிப்பு சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. 1604-இல் ஹாம்ப்டன் கோர்ட் கூட்டத்தில் அதைக் குறித்துப் புகார் சொன்னார். 1776 ஜனவரியில் தாமஸ் பெயின் அமெரிக்கக் குடியேற்றவாசிகளுக்கு எழுதியபோது அதே 8-ஆம் அதிகாரத்தையும் கிதியோனையும் காட்டித்தான் முடியாட்சியைத் தாக்கினார்.

கேள்விக்குறி அவர்களுக்கு ஒன்று. எகிப்தின் பார்வோன் துட்டன்காமன் என்ற பெயருக்கே ஆமோன் தேவனின் உயிருள்ள சாயல் என்று பொருள். சாயல் என்பது அரண்மனைக்குச் சொந்தமான சொல். ஆதியாகமம் 1 அதை அரண்மனையிலிருந்து எடுத்து, ஆணும் பெண்ணுமான மனித இனம் முழுவதற்கும் கொடுத்துவிட்டது.

கேள்விக்குறி:

கொடுத்துவிட்டு, யாத்திராகமம் 21-இல் திரும்ப வாங்கிக்கொண்டது என்பேன். ஆனால் நானும் போய்த் தேடினேன், கண்டதை மறைக்கமாட்டேன். பழைய பாபிலோன் ராஜா ஹம்முராபியின் சட்டத்தில் சுதந்திர மனிதனின் கண்ணுக்குக் கண், அடிமையின் கண்ணுக்கு அவன் விலையில் பாதி, அதுவும் எஜமானுக்கு. யாத்திராகமத்தில் எஜமான் அடிமையின் கண்ணையோ பல்லையோ போக்கினால் அவனை விடுதலை செய்ய வேண்டும். தப்பி வந்த அடிமைக்கு அடைக்கலம் கொடுத்தால் ஹம்முராபியிடம் மரண தண்டனை. உபாகமம் 23 நேர் எதிராக, அவனைத் திருப்பி ஒப்படைக்காதே, அவன் விரும்பும் ஊரில் உன்னோடு இருக்கட்டும் என்கிறது. ஒரே நூலுக்குள் அடிமையைப் பணம் என்று சொல்லும் குரலும் இருக்கிறது, இந்தக் குரலும் இருக்கிறது. இரண்டாவது குரலோடு எனக்குச் சண்டை இல்லை. முதலாவதை நீங்கள் யாரும் எனக்கு விளக்கிவிட்டதாக நினைக்கவில்லை.

ஒலிவமரம்:

விளக்கவில்லைதான் ஐயா. என் முதல் பதிவை நான் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. ராஜாவா நியாயாதிபதியா என்று கோடு போட்டேன். கோடு அங்கே இல்லை. எடுத்துக்கொண்டவன் யாராக இருந்தாலும், பறிகொடுத்தவன் போய் நின்று "இவன் எடுத்தான்" என்று சொல்ல ஓர் இடம் இருக்கிறதா, கேட்பவர் முகத்தைத் தரைக்குத் திருப்பாமல் இருப்பாரா என்பதைத்தான் வேதம் ராமாவிலும் யெஸ்ரயேலிலும் எருசலேமிலும் கேட்டுக்கொண்டே வருகிறது. அடுத்த வகுப்பில் பெரியவரிடம் இதைப் பேசப்போகிறேன். ரோமர் 13-ஐயும் பிலிப்பி சிறைச்சாலையையும் சேர்த்தே.

எபிரேய மாணவி:

அண்ணா, அப்படிப் போய் நின்ற ஒருவனின் குரல் நமக்குக் கிடைத்திருக்கிறது. வேதத்துக்கு வெளியே, மண்ணுக்குள்ளிருந்து. இழை முழுவதும் அதைச் சொல்லத் துடித்துக்கொண்டிருந்தேன்.

1960-இல் இஸ்ரேலின் கடற்கரையோரம், யாவ்னே-யாமுக்குத் தெற்கே ஒரு சிறு கோட்டையின் வாசல் அறையில் ஓர் உடைந்த பானை ஓடு கிடைத்தது. மையால் எழுதிய 14 வரி எபிரேயம். கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. அறுவடைக் கூலியாள் ஒருவன் கோட்டைத் தலைவனுக்குக் கொடுத்த மனு. அவனுக்கு எழுதத் தெரிந்திருக்காது, யாரோ எழுதிக் கொடுத்திருக்கலாம். வாக்கியங்கள் மூச்சுவாங்குகின்றன, சொன்னதையே திரும்பச் சொல்கின்றன, வாசலில் நின்று பதற்றத்தோடு பேசுகிறவன் பேசுவதைப்போல. என் தலைவர் தம் அடியானின் வார்த்தையைக் கேட்கட்டும். அடியான் அறுத்தான், அளந்தான், களஞ்சியத்தில் சேர்த்தான். வேலையை முடித்தபின் சோபாயின் மகன் வந்து அடியானின் வஸ்திரத்தை எடுத்துக்கொண்டான். வெயிலில் என்னோடு அறுத்த என் சகோதரர் எல்லாரும் எனக்காகச் சாட்சி சொல்வார்கள். நான் குற்றமற்றவன். என் வஸ்திரத்தைத் திருப்பித் தரச் செய்யும்.

"எடுத்துக்கொண்டான்" என்ற இடத்தில் இருப்பது லாகஹ். சாமுவேல் சொன்ன அதே வினை.

அடகாக வாங்கிய வஸ்திரத்தைச் சூரியன் மறையும் முன் திருப்பிக் கொடு, அவன் உடம்புக்கு அது ஒன்றே மூடுதுணி, எதைப் போர்த்திப் படுப்பான் என்று யாத்திராகமம் 22 கேட்கிறது. அந்தக் கூலியாள் வசனம் எதையும் எடுத்துக்காட்டவில்லை. ஆனால் ஒரு வஸ்திரத்துக்காகக் கோட்டைத் தலைவனின் வாசலுக்கு வந்து கேட்கலாம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. சாட்சிகளையும் கையோடு வைத்திருந்தான்.

கேள்விக்குறி:

அவனுக்கு வஸ்திரம் திரும்பக் கிடைத்ததா?

எபிரேய மாணவி:

ஓட்டின் அடிப்பகுதி சிதைந்திருக்கிறது, ஐயா. கடைசியாகப் படிக்க முடிகிற வரிகளில் அவன் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.